முதிர்ந்த ஒயின்: ருசியும் சாட்சியமும்

1663ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, லண்டன் லம்பார்ட் தெருவில் ராயல் ஓக் என்னும் மதுவிடுதியில் அமர்ந்து சாமுவேல் பீப்ஸ் ஒரு ஃபிரெஞ்சு ஒயினைக் குடித்தார். கடற்படை நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர். சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதி வைத்ததால் வரலாற்றில் நிலைத்தவர். குடித்த மதுவின் பெயரைக் காதில் விழுந்தபடி 'ஹோ பிரையன்' என்று குறித்துக்கொண்டு, நல்ல ருசி, வேறெதிலும் காணாத தனி ருசி என்ற பொருளில் ஒரே வாக்கியம் எழுதி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை ஒயின் வரலாற்றாசிரியர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். காரணம் இருக்கிறது. அதுவரை ஒயினுக்கு ஊர்ப் பெயரோ துறைமுகப் பெயரோதான் உண்டு. தனியொரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அதன் ருசி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது என்று குடித்தவர் ஒருவர் எழுதிவைத்தது இதுவே முதல்முறை என்று கொள்ளப்படுகிறது. தோட்டத்தின் சரியான பெயர் ஓ-பிரியோன். தென்மேற்கு ஃபிரான்ஸில் போர்தோ நகரையொட்டி இருப்பது. இன்றும் அங்கே ஒயின் தயாராகிறது. ஆனால் பீப்ஸ் குடித்தது முதிர்ந்த ஒயினாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பீப்பாயிலிருந்து இறக்கிய இளம் மதுவாகத்தான் இருந்திருக்கும். வயதான சிவப்பு ஒயின் ஓர் அரிய பொருள் என்னும் எண்ணமே அப்போது ஐரோப்பாவில் மறைந்துபோயிருந்தது.

'மறைந்துபோயிருந்தது' என்று நான் சொல்வது கவனத்துடன்தான். ரோமானியர்கள் பழைய ஒயினைக் கொண்டாடியவர்கள். கி.மு. 121இல் ஒப்பிமியஸ் என்பவர் தலைமை ஆட்சியாளராக இருந்த ஆண்டின் ஒயின் அவர்களிடையே பெரும்புகழ் பெற்றிருந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய பிளினி, அந்த மது இன்னும் எஞ்சியிருப்பதாகவும் அது தேன்போல் இறுகிக் கசப்பேறிவிட்டதாகவும் பதிவு செய்கிறார். வாய் அடைத்த மண்சாடிகளில் காற்றுப் புகாமல் வைத்ததால் இது இயன்றது. (நம் சங்கப் பாடல்களிலும் மூங்கில் குழாயில் விளையவைத்த தேறல் வருகிறது, கள்ளுக்கு வயது கூடுவதை 'விளைதல்' என்று சொன்ன மொழி நம்முடையது.) சாடி போய் மரப்பீப்பாய் வந்தபோது அந்த அறிவும் கூடவே போயிற்று. மரம் மூச்சு விடும். பாதி காலியான பீப்பாயில் ஒயின் சில மாதங்களில் புளித்துக் காடியாகும்.

1152இல் அக்கித்தேனின் எலியனோர், பின்னாளில் இங்கிலாந்தின் அரசனான இரண்டாம் ஹென்றியை மணந்ததிலிருந்து 1453 வரை போர்தோ ஆங்கிலேய முடியாட்சியின் கீழ் இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புது ஒயினை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வடக்கே போகும். புதியது வந்து இறங்கியதும் போன ஆண்டின் மிச்சம் விலை சரிந்துவிடும். இன்றைய நிலைக்கு நேர்மாறு. இன்று ஏலக்கூடங்களில் வயதுக்கு ஏற்ப விலை ஏறுவதைப் பார்க்கிறவர்கள், பல நூறு ஆண்டுகள் 'பழைய ஒயின்' என்பது கெட்டுப்போகவிருக்கும் சரக்குக்கான பெயராக இருந்ததை நினைத்துக்கொள்வது நல்லது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது கவிதையோ நாக்கோ அல்ல, நிலக்கரி. 1615இல் இங்கிலாந்தில் கண்ணாடி உலைகளுக்கு விறகு எரிக்கத் தடை வந்தது. கப்பல் கட்ட மரம் வேண்டுமே என்ற கவலை. உலைகள் நிலக்கரிக்கு மாறின, வெப்பம் கூடியது, கனத்த, கருமையான, எளிதில் உடையாத புட்டிகள் கிடைத்தன. போர்ச்சுக்கல் தக்கை அவற்றின் வாயை அடைத்தது. முதலில் அவை வெங்காயம்போல் அடிபருத்த வடிவில் இருந்தன, நிற்கவைக்கத்தான் முடியும், தக்கை உலர்ந்து சுருங்கிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டு நடக்க நடக்கப் புட்டி ஒல்லியாகி உருளையாயிற்று. உருளையானதும் படுக்கவைக்க முடிந்தது. படுத்த புட்டியில் ஒயின் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும். காற்று வெளியே நிற்கும். இதற்கிடையில் காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்திப் புகையூட்டும் வழக்கத்தை டச்சு வணிகர்கள் பரப்பியிருந்தார்கள். அது ஒயினைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்கியது. நுண்ணுயிர் என்ற ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பலன் தெரிந்தது, போதுமானதாக இருந்தது.

ஓ-பிரியோனை வைத்திருந்த போந்தாக் குடும்பம் நீதிமன்றப் பிரபுக்கள் வகுப்பைச் சேர்ந்தது. 1666இல் லண்டன் எரிந்தபின் அக்குடும்பத்து மகன் அந்த நகரத்திலேயே ஓர் உணவுவிடுதி திறந்து தந்தையின் ஒயினை நாகரிகக் கூட்டத்துக்கு விற்றார். 1677இல் தத்துவஞானி ஜான் லாக் தோட்டத்தையே நேரில் போய்ப் பார்த்தார். வெண்மணலும் கொஞ்சம் சரளையும் கலந்த வறண்ட மண். எதுவுமே விளையாது என்று தோன்றக்கூடிய மண் என்று வியந்து குறித்தார். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 1787 மே மாதம், அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெஃபர்சன் போர்தோவுக்கு வந்தபோது முதல்தரத் தோட்டங்கள் நான்கு என்று எழுதிக்கொண்டார்: மார்கோ, லத்தூர், ஓ-பிரியோன், லஃபீத். 1855இல் பாரீஸ் உலகக் கண்காட்சிக்காக போர்தோவின் தரகர்கள் விலைகளை வைத்து ஐந்து படிகளில் வரிசை தயாரித்தபோதும் முதற்படியில் இருந்தவை அதே நான்குதான். மூத்தோன்-ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு மூலை உண்டு. சாந்த்-எஸ்தேஃப் ஊரில் கோஸ் தெஸ்தூர்னெல் என்ற தோட்டம் இருக்கிறது. 1855 பட்டியலில் இரண்டாம் படி. அதன் நிறுவனர் லூயி-கஸ்பார் தெஸ்தூர்னெல் தம் ஒயினை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தவர். விற்காமல் திரும்பிய பீப்பாய்களைத் திறந்து பார்த்தபோது, வெப்பக் கடல்களை இருமுறை கடந்த அந்த மது கெடாமல் கனிந்திருந்ததாம். அதற்கு 'இந்தியாவிலிருந்து திரும்பியது' என்று தனி அடையாளமிட்டு விற்றார். தம் ஒயின் கிடங்கின் மேல் கீழைத்தேசப் பாணியில் கோபுரங்கள் எழுப்பினார். ஊர் அவரை 'சாந்த்-எஸ்தேஃபின் மகாராஜா' என்றது. கடன் முற்றி 1852இல் தோட்டத்தை விற்றார். அடுத்த ஆண்டு இறந்தார். கோபுரங்கள் இன்றும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே சற்றும் பொருந்தாமல் நிற்கின்றன. நான்கு ஆண்டுகள் நிலவறையில் நடக்கவேண்டியது நான்கைந்து மாதங்கள் கடலில் நடந்துவிடும் என்ற எண்ணம் வியாபாரிக்கு எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் வெப்பம் அவசரப்படுத்தும் முதிர்ச்சியும் நிலவறை தரும் முதிர்ச்சியும் ஒன்றல்ல.

அப்படியானால் நிலவறை என்னதான் செய்கிறது?

இளம் போர்தோ ஒயினை வாயில் வைத்தால் முதலில் உணர்வது துவர்ப்பு. கடுக்காயைக் கடித்தாற்போல நாவும் ஈறும் இறுகும். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்துகொள்வதால் வரும் வறட்சி அது. நிறம் ஊதா கலந்த செம்மை. அது தோலிலுள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருளின் வேலை. ஆண்டுகள் போகப் போக இவையிரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட மூலக்கூறுகளாகின்றன. ஒரு பகுதி கரைந்து நிற்க முடியாத அளவு பெரிதாகி அடியில் வண்டலாகப் படிகிறது. எனவே துவர்ப்பு தணிகிறது. நிறம் ஊதாவிலிருந்து மாணிக்கச் செம்மைக்கும், அதிலிருந்து செங்கல் நிறத்துக்கும் இறங்குகிறது. பழமணம் பின்வாங்க, அதுவரை இல்லாத மணங்கள் தோன்றுகின்றன.

இதில் காற்றின் பங்கை முதலில் சோதனையால் காட்டியவர் லூயி பாஸ்டர். மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்பேரில் ஒயின் நோய்களை ஆராயப் புகுந்த அவர், 1866இல் வெளியிட்ட நூலில், காற்றோடு அடைத்த குழாயிலும் காற்றின்றி அடைத்த குழாயிலும் ஒரே ஒயின் எவ்வாறு வேறுபட்டு மாறுகிறது என்று விளக்கினார். காற்றுள்ளதில் நிறம் மாறி வண்டல் படிந்தது. காற்றில்லாதது ஏறத்தாழ அப்படியே இருந்தது. மிகுந்தால் காடியாக்கும் அதே பிராணவாயு, அளவோடு நுழைந்தால் முதிரச்செய்கிறது. நிலவறையின் குளிர்ச்சி, இருள், ஈரம் எல்லாம் அந்த மாற்றத்தை மெதுவாக்கவும் தக்கையைக் காக்கவும்தான். அரைப்புட்டி விரைவில் முதிர்வதும், ஒன்றரை லிட்டர் கொள்ளும் மேக்னம் நிதானமாக முதிர்வதும் உள்ளிருக்கும் காற்றுக்கும் ஒயினுக்குமான விகிதத்தைப் பொறுத்தவை.

எல்லா ஒயினும் இப்படி முதிராது என்பதைச் சொல்லியாக வேண்டும். உலகில் தயாராகும் ஒயினில் மிகப்பெரும் பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிட வேண்டியது. வைத்திருந்தால் வெறுமனே கிழடு தட்டும்.

முதிரக்கூடியதில் பொறுமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டை ஒரு சான்று. அங்கிருந்த பிரபு 1870ஆம் ஆண்டு லஃபீத்தை மேக்னம் புட்டிகளில் வாங்கிவைத்தார். ஒன்றைத் திறந்து பார்த்தபோது துவர்ப்பு தாங்கமுடியவில்லை. வெறுப்புடன் மீதியை அப்படியே விட்டுவிட்டார்கள். கிடங்கின் இருளில் அவை ஒரு நூற்றாண்டு கிடந்தன. 1971இல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தபோது திறந்து சுவைத்தவர்கள் அதன் நிறமும் வலிமையும் குன்றாதிருந்ததைக் கண்டு திகைத்தார்கள். யாரோ ரசித்து வளர்த்த பொறுமையல்ல இது. யாருக்கும் பிடிக்காமல் போனதால் கிடைத்த பாதுகாப்பு. நல்ல புத்தகங்கள் சிலவற்றுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது.

பழைய ஒயினைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. அது வெறும் சடங்கல்ல. புட்டியை ஓரிரு நாள் முன்பே நிமிர்த்தி வைக்கவேண்டும்; வண்டல் அடியில் இறங்கட்டும். அதற்குமுன் உள்ளே ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்று நிறையவே போய்வந்திருக்கிறது. தக்கை பெரும்பாலும் நைந்திருக்கும். முழுதாக வருவது அதிர்ஷ்டம். பிறகு புட்டியின் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, வெளிச்சத்தில் வண்டலின் முதல் இழை கழுத்தை நெருங்கும்வரை நிதானமாக வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு வடிக்கவேண்டும். மிக முதிர்ந்ததை அதிக நேரம் காற்றில் விடக்கூடாது. சில சமயம் மணம் எழுந்து உச்சத்தைத் தொட்டு அடங்க அரைமணி நேரமே ஆகும்.

கோப்பையை வெள்ளைத் துணியின் மேல் சாய்த்து விளிம்பைப் பார்ப்பது முதல் படி. விளிம்பில் செங்கல் நிறமும், இன்னும் வயதானால் தேநீர் நிறமும் தெரியும். அசைக்காமல் ஒருமுறை முகர்ந்து, பிறகு மெல்லச் சுழற்றி மீண்டும் முகர்வார்கள். நல்ல முதிர்ந்த போர்தோவில் தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, பதப்படுத்திய தோல், மழை நனைத்த சருகு, காளான் என்று சொல்கிறார்கள். இந்த ஒப்புமைகளைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் வீணைக்கு நல்ல பலாமரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் ஆசாரியும் நமக்குப் புரியாத சொற்களைத்தான் பயன்படுத்துவார். பொதுவில் பெயரில்லாத உணர்வை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்க உவமையை விட்டால் வழியில்லை. வாயில் வைத்தபின் கவனிக்கவேண்டியது, துவர்ப்பு பட்டாகியிருக்கிறதா, புளிப்பு இன்னும் முதுகெலும்பாக நிற்கிறதா, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்பவை. கடைசியாகச் சொன்னதுதான் உயர்ந்த ஒயினையும் நல்ல ஒயினையும் பிரிக்கிறது என்பது அனுபவசாலிகளின் கருத்து. போர்தோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எமீல் பெய்னோ 1980இல் வெளியிட்ட நூலில் இந்த ரசனையைப் பயிற்றுவிக்கக்கூடிய ஓர் ஒழுக்கமாக ஆக்கிக் காட்டினார்.

அந்த ஒழுக்கம் எவ்வளவு நம்பகமானது என்பதுதான் இங்கே உண்மையான சிக்கல்.

2001இல் அதே போர்தோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினை அப்படியேயும், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்தும் கொடுத்தார்கள். சாயமிட்டதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் மாணவர்கள் வருணித்தார்கள். மூக்கு கண் சொன்னதைக் கேட்டது. இதை வைத்து ஒயின் ரசனை முழுவதும் பித்தலாட்டம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. கண்ணும் பெயரும் முன்னறிவும் ருசிக்குள் புகுந்துவிடுகின்றன என்பதற்குத்தான் இது சான்று. ருசியே இல்லை என்பதற்கல்ல.

1976 மே 24 அன்று பாரீஸில் நடந்த போட்டி இன்னொரு சோதனை. ஒன்பது ஃபிரெஞ்சு நடுவர்கள், பெயர் மறைத்து, கலிஃபோர்னியச் சிவப்பு ஒயின்களையும் போர்தோவையும் சுவைத்தார்கள். 1973ஆம் ஆண்டு ஸ்டாக்ஸ் லீப் முதலிடம். 1970ஆம் ஆண்டு மூத்தோன் இரண்டாமிடம். போர்தோவுக்கு வயதாகட்டும், அப்போது பார்க்கலாம் என்பது ஃபிரெஞ்சுத் தரப்பின் பதிலாக இருந்தது. நியாயமான பதில்தான். முதிர்ச்சிதான் அவர்கள் உரிமை கொண்டாடிய பெருமை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2006 மே 24 அன்று, அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மறுபடி சுவைத்தார்கள். 1971ஆம் ஆண்டு ரிட்ஜ் மான்ட்டே பெல்லோ முதலிடம். முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கு. காலம் என்ற சாட்சியை அழைத்தவர்களுக்கு எதிராகவே அந்தச் சாட்சி பேசியது.

ஆனாலும் ஏலக்கூடத்தில் விலைபோவது பழைய போர்தோவும் பர்கண்டியும்தான். ருசி மட்டும் விலைபோவதில்லை என்பதற்கு 1945ஆம் ஆண்டு மூத்தோன் போதும். அவ்வாண்டு மே மாத உறைபனி மகசூலைக் குறைத்தது. பின் வந்த வெயில் எஞ்சிய கனிகளைச் செறிவாக்கியது. போர் முடிந்திருந்தது. தோட்டத்தின் உரிமையாளர் ஃபிலிப் த ரோத்ஷீல்டின் மனைவி எலிசபெத் அவ்வாண்டு மார்ச்சில் ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்திருந்தார். ஃபிலிப் ழூலியான் என்ற இளம் ஓவியரைக் கொண்டு, வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்து பொறித்த சீட்டை வரையச் செய்து அப்புட்டிகளில் ஒட்டினார்கள். அதைக் குடிப்பவர் வாயில் இந்தச் செய்திகளையெல்லாம் துடைத்துவிட்டு ருசியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? முடிய வேண்டிய அவசியமும் இல்லை என்றே நினைக்கிறேன்.

மோசடி நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான். 1985 டிசம்பர் 5 அன்று லண்டன் கிறிஸ்டீஸில் 1787 என்ற ஆண்டும் லஃபீத் என்ற பெயரும் ஜெஃபர்சனின் முதலெழுத்துகளும் செதுக்கிய ஒரு புட்டி 1,05,000 பவுண்டுக்குப் போயிற்று. பாரீஸில் சுவர் எழுப்பி மூடிய நிலவறை ஒன்றில் கிடைத்ததாக அதைக் கொண்டுவந்த ஜெர்மானியச் சேகரிப்பாளர் ஹார்டி ரோடன்ஸ்டாக் சொன்னார். கணக்கு எழுதுவதில் கறாரான ஜெஃபர்சனின் ஏடுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்கின் சூட்டில் தக்கை சுருங்கி உள்ளே விழுந்தது. அதே தொகுதியில் வேறு புட்டிகளை வாங்கியிருந்த அமெரிக்கச் செல்வந்தர் வில்லியம் கோக் பின்னர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார். போர்தோ இயற்பியலாளர் ஃபிலிப் ஊபேர் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். 1945இல் தொடங்கிய அணுவெடிப்புகளுக்குப் பிறகு காற்றில் கலந்த சீசியம்-137, அதன்பின் விளைந்த திராட்சையில் சிறிதேனும் இருக்கும். புட்டியைத் திறக்காமலே அதன் கதிர்வீச்சை அளந்துவிடலாம். கோக்கின் புட்டியில் சீசியம் இல்லை. ஒயின் அணுயுகத்துக்கு முந்தையது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. பொய் வேறிடத்தில் பிடிபட்டது: அந்த எழுத்துகள் மின்கருவியால் செதுக்கப்பட்டவை என்று நிபுணர்கள் கூறினார்கள். 2006இல் கோக் வழக்குத் தொடர்ந்தார். ரோடன்ஸ்டாக் குற்றச்சாட்டை மறுத்தே வந்தார்; 2018இல் இறந்தார்.

அடுத்துவந்த ரூடி குர்னியவான் இன்னும் துணிந்தவர். 2008இல் நியூயார்க் ஏலமொன்றுக்கு அவர் அனுப்பிய பர்கண்டி புட்டிகளில், பொன்சோ தோட்டத்தின் க்ளோ சான்-தெனி ஒயின் 1945 முதல் 1971 வரையான ஆண்டுகளோடு இருந்தது. தோட்ட உரிமையாளர் லோரான் பொன்சோ நேரில் வந்து ஏலத்தை நிறுத்தினார். அவர் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1982இல்தான். 2012இல் காவல்துறை குர்னியவான் வீட்டில் நுழைந்தபோது அச்சிட்ட சீட்டுகள், தக்கைகள், எந்தக் கலிஃபோர்னிய ஒயினை எந்தப் பழைய போர்தோவாக மாற்றலாம் என்ற குறிப்புகள் எல்லாம் கிடைத்தன. இங்கே என்னை உறுத்துவது அவருடைய திறமை. அவர் கலந்தவற்றைக் குடித்துப் பரவசப்பட்டவர்கள் கத்துக்குட்டிகள் அல்லர். பழைய ஒயின்களை அவர்கள் அளவுக்குக் குடித்தவர்கள் உலகில் மிகச் சிலரே. ஆனால் 1945ஐ எத்தனை பேர் எத்தனை முறை குடித்திருக்க முடியும்? ஒப்பிட வேறு புட்டி இல்லாதபோது நாவு சாட்சி சொல்வதில்லை, சீட்டை வாசிக்கிறது. போர்தோவே இதில் முற்றிலும் நிரபராதியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விருப்பத்துக்காக ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாழையும் ஸ்பானிய ஒயினையும் கலந்து வலுவேற்றி அனுப்பியது ஊரறிந்த வியாபாரம். அப்படிக் கலந்தது உண்மையாகவே அந்தக் காலத்துப் போர்தோ, அதைப் போலியென்பதா?

குர்னியவானுக்கு 2014இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவரிடமிருந்து கைப்பற்றிய புட்டிகளை வல்லுநர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். உண்மையானவை என்று கண்டவற்றை அரசு 2015இல் ஏலம்விட்டது. போலியென்று முடிவானவை ஐந்நூறுக்கும் மேல். அவற்றை டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு குப்பை நிலையத்துக்குக் கொண்டுபோய் நொறுக்கினார்கள். கண்ணாடி மறுசுழற்சிக்குப் போயிற்று. ஒயின் எருக்குழியில் இறங்கியது.